எஃப்1 அழுத்தச் சொல்கிறதே, அழுத்தலாமா?

கேள்வி: வீட்டிலேயே தையல் கடை நடத்துகிறேன். 2008-ல் வாங்கிய கோர் 2 டுவோ கம்ப்யூட்டரில்தான் அளவுக் கணக்கு, பில் எல்லாம். விண்டோஸ் 7 போட்டிருக்கிறோம். சில வாரங்களாகக் காலையில் ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ‘சிமாஸ் செக்சம் எரர், டிஃபால்ட்ஸ் லோடட்’ என்று வந்து நிற்கிறது. எஃப்1 அழுத்தினால் ஓடுகிறது. ஆனால் பில்லில் 2008 ஜனவரி 1 என்று தேதி விழுகிறது, பேங்க் சைட் திறக்கவே மாட்டேன் என்கிறது. கடையில் காட்டியதற்கு மதர்போர்டு போய்விட்டது, புது செட் வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: புது செட் இருக்கட்டும் சகோதரி, முதலில் ஒரு செல் வாங்குங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சிஆர்2032 என்று கேளுங்கள். நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் மீதி வரும்.

மதர்போர்டு போயிருந்தால் எஃப்1 அழுத்தியதும் விண்டோஸ் வராது. உங்களுக்கு வருகிறது, பில்லும் அடிக்கிறீர்கள். திரையில் வந்த வரியைப் படிக்காமலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் வேலை பழகிய காலத்தில் எங்கள் முதலாளி ஸ்க்ரூ டிரைவரைத் தொடவிடுவதற்கு முன், ‘என்ன எழுதியிருக்குன்னு வாய்விட்டு வாசிடா’ என்பார். இன்றைக்கும் நான் அப்படித்தான்.

அந்த வரி என்ன சொல்கிறது? தேதி, நேரம், எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்பது போன்ற அமைப்புகளைப் போர்டு ஒரு சின்ன நினைவகத்தில் வைத்திருக்கும். அதற்குத்தான் சிமாஸ் என்று பேர். 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இது கிடையாது. போர்டில் குட்டிக் குட்டி சுவிட்சுகளைத் தள்ளி அமைக்க வேண்டும், தேதியை ஒவ்வொரு தடவையும் தட்டித்தான் கொடுக்க வேண்டும். 1984-ல் வந்த ஏடி மாடலில்தான் பேட்டரியில் ஓடும் கடிகார சிப் வந்தது. மொத்தம் 64 பைட். அதில் 14 கடிகாரத்துக்கு, மிச்சம் 50 அமைப்புகளுக்கு. உங்கள் போர்டில் இருப்பது அதன் பேரப்பிள்ளை. மளிகை நோட்டில் சாமான் விலைகளுக்குக் கீழே மொத்தம் போடுகிற மாதிரி, அந்த எண்களுக்கும் ஒரு கூட்டுத்தொகை எழுதியிருக்கும். அதுதான் செக்சம். செல் தீர்ந்தால் எண்கள் கலைந்துவிடும், கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஒத்துவராது. அப்போது போர்டு எதையும் நம்பாமல், தயாரித்த இடத்தில் போட்டுக் கொடுத்த அமைப்புகளையே எடுத்துக்கொண்டு உங்களிடம் சொல்கிறது. தேதியும் அப்படித்தான் பழசுக்குப் போகிறது. பேங்க் சைட் மறுப்பதற்கும் அதே காரணம். சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2008-ல் நின்றுகொண்டு பார்த்தால் அது இன்னும் பிறக்காத சான்றிதழ்.

இந்த செல் பல வருஷம் உழைக்கும். நம் வீடுகளில் அதற்கு ஆயுசு கொஞ்சம் குறைச்சல். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் சுவரில் சுவிட்ச் ஆனில் இருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (உள்ளே இருக்கும் பவர் சப்ளை டப்பா) வரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரமே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும், செல்லுக்கு ஓய்வு. நாமோ ராத்திரி சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்போம். இடி மின்னலுக்குப் பயந்து செய்வது, சரியும்கூட. அதை மாற்ற வேண்டாம். செல்லைத்தான் அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாற்றுவது இப்படி. ஷட்டவுன் செய்து, பவர் கார்டைப் பின்னாலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு முன்னாலுள்ள பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் சின்னதாகப் பளபளவென்று ஒரு வட்டம் தெரியும். ஓரத்தில் சின்ன இரும்பு நாக்கு இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் செல் தானே துள்ளி எழும். புதுசை, எழுத்தும் கூட்டல் குறியும் மேலே தெரிய வைத்து அழுத்துங்கள். கடைக்காரர் சிஆர்2025 கொடுத்து ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்றால் வாங்காதீர்கள். பேரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025 என்றால் கனம் 2.5-தான், ஆடிக்கொண்டே கிடக்கும். கழற்றிய செல்லைப் பாவாடை ஹூக், பட்டன் டப்பாவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் ஓரிரு மணி நேரத்திலேயே தொண்டைக் குழாயை அரிக்கும் சாமான் அது.

செல் போட்ட பிறகும் முதல் தடவை அதே வரி வரும், பயப்பட வேண்டாம். எஃப்1-க்குப் பதிலாக டெலீட் கீயை அழுத்தி செட்டப்புக்குள் போங்கள். தேதியும் நேரமும் சரிசெய்யுங்கள். ‘டிரைவ் ஏ’ என்ற இடத்தில் ஃப்ளாப்பி 1.44 என்று இருந்தால் ‘நன்’ (எதுவும் இல்லை) ஆக்குங்கள். ஆக்காவிட்டால், இல்லாத ஃப்ளாப்பியைத் தேடி, ‘ஃப்ளாப்பி டிஸ்க் ஃபெயில் 40’ என்று மறுபடி எஃப்1 கேட்கும். எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். சாட்டா மோடு என்று ஒன்று கண்ணில் படும், ஹார்டு டிஸ்க்கோடு போர்டு எந்த முறையில் பேச வேண்டும் என்பது அது. உங்களுக்கு விண்டோஸ் ஒழுங்காக ஏறுவதால் அதைத் தொட வேண்டாம். இதே கோளாறு உள்ள வேறு யாருக்காவது எஃப்1-க்குப் பிறகு நீலத் திரையில் 7பி என்று முடியும் எண் வந்தால், அவர்கள் அங்கே ஐடிஇ, ஏஹெச்சிஐ இரண்டில் இப்போது இருப்பதை மற்றதாக மாற்றிப் பார்க்கலாம்.

‘ஹால்ட் ஆன்’ என்ற வரியில் ‘நோ எரர்ஸ்’ வைத்துவிட்டால் எஃப்1 தொல்லையே இருக்காது என்று பக்கத்து வீட்டுப் பையன் யாராவது சொல்லுவான். செய்யாதீர்கள். தேதி தப்பாகவே இருக்கும், உங்களுக்குத் தெரியாமல் பில் போய்க்கொண்டிருக்கும்.

புது செல் போட்டு நாலு நாளில் மறுபடி வந்தால்தான் போர்டைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் செல் உட்காரும் தகட்டில் பச்சைக் களிம்பு இருக்கிறதா, பக்கத்தில் ‘கிளியர் சிமாஸ்’ என்று எழுதிய மூன்று ஊசியில் மாட்டியிருக்கும் குட்டித் தொப்பி (ஜம்பர்) இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. உள்ளேயிருந்து நீளமாக பீ… பீ… என்று விடாமல் கத்துகிறது. மானிட்டரை மாற்றியும் பார்த்துவிட்டேன்.
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: மானிட்டர் பாவம், அதற்கு இதில் சம்பந்தமில்லை. திரையில் எழுத முடியாத நிலையில் போர்டு இப்படித்தான் பேசும். ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் புரோகிராம்தான் பயாஸ். அவார்டு கம்பெனி பயாஸ் போட்ட பழைய போர்டுகளில் விடாத நீள பீப் என்றால் ராம் (வேலை நேர நினைவகம்) கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. பயாஸுக்கு பயாஸ் கணக்கு மாறும் என்றாலும், ராமிலிருந்து தொடங்கினால் காசு செலவில்லை.

உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு ராமின் தங்கப் பல்வரிசை மங்கிப்போவது சகஜம். பவர் கார்டை உருவிவிட்டு, இரு பக்கக் கொக்கியையும் விரித்து ராமை எடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் பற்களை மெதுவாகத் தேயுங்கள், துகள் ஸ்லாட்டில் விழாதபடி தள்ளிவைத்துத் தேயுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது, பூச்சு போய்விடும். திரும்பப் போடும்போது நடுவிலுள்ள வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரு பக்கமும் டக் என்று கொக்கி விழும்வரை அழுத்துங்கள். பாதிப் பேர் இந்த டக்குக்கு முன்னாலேயே கையை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஸ்லாட் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எது கெட்டது, ராமா ஸ்லாட்டா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எப்படியும் திறந்துவிட்டீர்கள், பிராசசரைச் சுற்றியுள்ள உருளை கெபாசிட்டர்களின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் ரப்பர் உதவாது. 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகள் பலவற்றில் மட்டமான கெபாசிட்டர்கள் சேர்ந்துவிட்டன. நல்ல டிவி மெக்கானிக் அதே மதிப்புள்ளதைப் பற்றவைத்துத் தருவார். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், கார்டை உருவினாலும் கொஞ்ச நேரம் போகாது. பல்லி முட்டை உள்ளே இருப்பது தெரிந்தாலும் சரி.

கேள்வி: ‘ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்’ என்று வருகிறது. ஒரு வருஷமாக எஃப்1 அழுத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பிரச்சினை இல்லையே?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஐயா, மேலே அருப்புக்கோட்டை சகோதரிக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. செல்லோ ராமோ இல்லை, இது ஹார்டு டிஸ்க் தானே எழுதிக் கொடுத்த வாக்குமூலம். கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக வைத்திருக்கும் உபரி இடமும் தீர்ந்துகொண்டிருக்கலாம். ஒரு வருஷம் ஓடியது உங்கள் அதிர்ஷ்டம்.

இந்தப் பக்கத்தைப் படித்ததும் பென் டிரைவோ வெளி டிஸ்க்கோ எடுத்துக் கல்யாண போட்டோ, பத்திர ஸ்கேன், வேறெங்கும் கிடைக்காததை முதலில் காப்பி செய்யுங்கள். சினிமாப் பாட்டு கடைசியில். காப்பி முடியும்வரை செக் டிஸ்க், டிஃப்ராக், ஃபார்மேட் எதையும் ஓடவிடாதீர்கள், களைத்த டிஸ்க்கை அவை இன்னும் ஓட்டிக் கொல்லும். நடுவில் கடக் கடக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்தி, டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். புது டிஸ்க் வாங்கப் போகும்போது பழசின் கேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை பட்டையாக அகலமாக இருந்தால் ஐடிஇ, விரல் அகலத்தில் இருந்தால் சாட்டா. சாட்டா என்றால் சின்ன எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்றைப் போடுங்கள், பழைய கம்ப்யூட்டர் கொஞ்சம் இளமையாகவே ஓடும்.