ஒரே பில்லுக்கு நாலு சாஃப்ட்வேர்: எதை விடலாம்? கேள்வி பதில்

கடையிலோ ஆலையிலோ ஒரே வேலைக்கு இரண்டு மூன்று சாஃப்ட்வேர் ஓடினால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், இங்கே பேச்சு எதை விடலாம் என்பதைப் பற்றித்தான்.

கேள்வி: அக்கா, டவுன் ரத வீதிப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பில் போட ஒன்று, கணக்குக்கு டேலி, ஸ்டாக்குக்கு எக்செல், வாடிக்கையாளர் பட்டியலுக்கு ஒரு ஆப். இரண்டாகக் குறைக்கணும். எதைத் தூக்கலாம்?

பதில்: சாஃப்ட்வேர் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள் அண்ணாச்சி. சரக்கு வந்து இறங்குவதிலிருந்து, துணி கவுண்டரைத் தாண்டி, பணம் கல்லாவுக்கு வந்து, மாதக் கடைசியில் ஆடிட்டர் கைக்குப் போகிற வரை கூடவே நடந்து பாருங்கள். யார், எதை, எங்கே எழுதுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை அடித்த விவரத்தையே இன்னொருவர் மறுபடி அடித்தால் அங்கே ஒரு கோடு. சந்தாப் பணத்தைவிட அந்தக் கோடுகளில்தான் உங்கள் காசு அதிகம் போகிறது.

எக்செல்லில் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். இதே போல ஒரு கடையில், ஸ்டாக்தான் பில்லிங்கிலேயே இருக்கிறதே, எக்செல் எதற்கு என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். கவுண்டரில் இருக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ரோலில் வெட்டி விற்றது போக ஒன்றேகால் மீட்டர், முக்கால் மீட்டர் என்று பிட்டு மிஞ்சும். பில்லிங்கில் அது முழு விலைக்கு உள்ள ரோலின் மிச்சம், அவ்வளவுதான். விலை குறைத்துத் தள்ள வேண்டிய துணி என்று அதற்குத் தெரியாது. அந்தப் பெண் எக்செல்லில் ஒரு பக்கம் திறந்து நிறம், நீளம், எந்த ரேக் என்று எழுதி வைத்திருந்தார். முதலாளி பார்த்தது இரட்டை ஸ்டாக் கணக்கு. அந்தப் பெண் எழுதியதோ வேறு எங்குமே இல்லாத கணக்கு. பிறகு பில்லிங்கிலேயே பிட்டுக்குத் தனி ஐட்டம் திறந்து, ரோலிலிருந்து அதற்கு மாற்றப் பழகினார்கள். அதற்கு அப்புறம் எக்செல்லை அந்தப் பெண்ணே மூடிவிட்டார்.

உங்கள் நாலில் நான் முதலில் சந்தேகப்படுவது வாடிக்கையாளர் ஆப்பை. போன் நம்பர் பில்லிலேயே இருக்கும். ஆடித் தள்ளுபடிக்குத் தகவல் அனுப்ப மட்டும்தான் அது என்றால் வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட் போதும். கடை நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும், அதை மறக்க வேண்டாம்.

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்த வியாபார அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். டேலி இருக்கும்போதே முதலாளியின் மச்சினர் விற்கிற ஈஆர்பியையும் (கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஒன்றாக வரும் சாஃப்ட்வேர்) வாங்கிவிட்டார்கள். இரண்டிலும் நான்தான் அடிக்கிறேன். வாயைத் திறந்தால் ‘உங்கள் வயசுக்குப் புதுசு வராது’ என்கிறார்கள்.

பதில்: வயசைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். ஒரு வாரம் இரண்டு முறை அடித்த எண்ட்ரி எவை, எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஈஆர்பியில் நீங்கள் திறந்து பார்க்கிற ரிப்போர்ட் எது? அவர் சொல்வதை டேலியில் எடுத்துக் காட்ட முடிந்தால் உங்கள் வேலை முடிந்தது. முடியவில்லை என்றால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அப்போது ஒன்றில் அடித்ததை மற்றதற்குக் கோப்பாக ஏற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். டேலி பிரைம் 4.0 முதல் எக்செல்லிலிருந்தே வவுச்சர்களை, அதாவது கணக்குப் பதிவுகளை, உள்ளே எடுக்கலாம்.

மச்சினர் விவகாரம் வீட்டு விவகாரம். அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை. எடை மேடைக்கு ஒரு சாஃப்ட்வேர், நெல் கொள்முதலுக்கு ஒன்று, அப்புறம் டேலி. ஒரே எடை மூன்று இடத்தில் ஏறுகிறது. எல்லாவற்றையும் டேலியிலேயே கொண்டுவந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். எடை மேடை சாஃப்ட்வேர் கருவியோடு கட்டிப்போட்டது, அது இருக்கட்டும். கொள்முதலில் ஈரப்பதக் கழிவு, சாக்கு எடை, முன்பணம் எல்லாம் போடுவீர்கள். அதை டேலிக்குள் திணித்தால் கணக்கர் கால்குலேட்டரைத் தேடுவார். மூன்றும் இருக்கட்டும், அடிப்பது மட்டும் ஒரு இடத்தில் இருக்கட்டும். மேடையில் ஏறிய எடை கொள்முதலுக்குத் தானாக வர வேண்டும், நாள் முடிவில் விவசாயிக்கு ஒரு வவுச்சராக டேலிக்குப் போக வேண்டும். எடை மேடை, கொள்முதல் இரண்டு சாஃப்ட்வேர்காரர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பேசுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. விவசாயிக்கு எடை எஸ்எம்எஸ்ஸில் போகிறதே என்று அச்சடித்த எடைச்சீட்டை நிறுத்திவிடாதீர்கள். கார் அறுப்பானாலும் பிசான அறுப்பானாலும் வண்டியோடு வருகிறவர் பெரும்பாலும் மகனோ டிரைவரோதான். போன் வீட்டில் அப்பாவிடம் இருக்கும். அவர்களும் உங்கள் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்கள்தான்.

கேள்வி: மேடம், பாளையங்கோட்டையில் தனியார் பள்ளி ஆசிரியை. வருகையை ரெஜிஸ்டர், ஈமிஸ், பெற்றோர் ஆப் என்று மூன்று இடத்தில் போடுகிறோம்.

பதில்: ஈமிஸ் பள்ளிக் கல்வித்துறையின் இணையப் பதிவு, அதை உங்கள் நிர்வாகம் நினைத்தாலும் விட முடியாது டீச்சர். பெற்றோர் ஆப்பைப் போன மாதம் எத்தனை பெற்றோர் திறந்தார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள், அட்மின் பக்கத்தில் தெரியும். பலருக்கும் வேண்டியது ‘பிள்ளை இன்னைக்கு வரலை’ என்ற ஒரு தகவலும் கட்டண ரசீதும்தான். அப்படியானால் வராதவர்கள் பெயரை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். முழு வகுப்புக்கும் டிக் அடிக்கிற வேலை உங்கள் தலையில் எதற்கு?

கேள்வி: கங்கைகொண்டான் பக்கம் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. செலவைக் குறைக்கப் பழைய கணக்கு சாஃப்ட்வேருக்கே திரும்பலாமா?

பதில்: பிரைவேட் லிமிடெட் என்றால் கவனம் வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் எதை, எப்போது திருத்தினோம் என்ற பதிவு இருக்க வேண்டும், அதை அணைக்கவும் முடியக்கூடாது. பழைய பதிப்பில் அது இல்லையென்றால் பேச்சே இல்லை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் இ-இன்வாய்ஸும் (மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிவது) கட்டாயம். அதை உங்களுக்கு இப்போது போட்டுக் கொடுப்பது எது என்று பார்த்துவிட்டு மற்றதில் கை வையுங்கள். தனிநபர் கடைக்கு முதல் விதி பொருந்தாது, இரண்டாவது பொருந்தும்.

கேள்வி: சாஃப்ட்வேரை நிறுத்தினால் பழைய பில்லெல்லாம் என்ன ஆகும்?

பதில்: ஜிஎஸ்டி கணக்குகளை அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31, ஆக 2030 டிசம்பர் வரை. வழக்கோ அப்பீலோ ஓடினால் இன்னும் நீளும். கம்பெனிகளுக்குக் கம்பெனிச் சட்டப்படி 8 ஆண்டு. சந்தா முடிந்த அன்றைக்கே கதவைச் சாத்துகிற ஆன்லைன் சாஃப்ட்வேர்களும் உண்டு. அதனால் நிறுத்துவதற்கு முன்னால் பில்களைப் பிடிஎஃப் ஆகவும், லெட்ஜர், ஸ்டாக்கை எக்செல்லாகவும் இறக்குங்கள். இறக்கியதைத் திறந்து, ஏதாவது ஒரு பழைய பில்லைத் தேடி எடுத்துப் பாருங்கள். பேக்கப் கோப்பு மட்டும் இருந்து அதைத் திறக்கிற சாஃப்ட்வேர் இல்லாவிட்டால் கையில் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம்.

கேள்வி: எதற்கெல்லாம் பணம் போகிறது என்றே தெரியவில்லை அக்கா. – வள்ளியூர்

பதில்: 12 மாத பேங்க் ஸ்டேட்மென்டை எடுங்கள், யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் பாருங்கள். தானாகக் கழியும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வரவில்லையென்றால், வேலையை விட்டுப் போனவருடைய மெயிலுக்கு அது போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இது ரொம்பச் சகஜம்.

கேள்வி: பத்தமடையில் பாய் நெய்யும் பெண்கள் குழு. ஆர்டர் வாட்ஸ்ஆப்பில் வருகிறது, நோட்டில் எழுதுகிறோம். ஒருவர் ஆர்டர் ஆப் வாங்கச் சொல்கிறார்.

பதில்: வாங்காதீர்கள். நோட்டில் தேதி, அளவு, முன்பணம், யார் நெய்கிறார் என்று கட்டம் போட்டால் போதும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயர் நெய்வீர்களே, அதை மட்டும் நோட்டைப் பார்த்து நெய்ய வேண்டாம். வாடிக்கையாளர் அனுப்பிய மெசேஜையே ஸ்டார் போட்டு வைத்து, அதைப் பார்த்து நெய்யுங்கள். கைமாறி எழுதும்போது ஒரு எழுத்து தப்பினால் பாயே போச்சு.

கேள்வி: சரி, ஒன்றை நிறுத்துவது என்று முடிவாகிவிட்டது. எப்போது, எப்படி?

பதில்: ஆடி, தீபாவளி, பொங்கல் வியாபாரத்தின் நடுவில் வேண்டாம். மார்ச் 31 ஸ்டாக் எப்படியும் எண்ணுவீர்கள், ஏப்ரல் 1 வசதி. பழையதை அழிக்காமல், புது எண்ட்ரி போட முடியாதபடி மட்டும் பூட்டுங்கள். பார்க்க மட்டும் திறந்திருக்கட்டும். முதல் வாரம் யாராவது பழையதைத் திறந்தால் திட்டாமல் எதற்குத் திறந்தார் என்று கேளுங்கள், விட்டுப்போன வேலை அதில்தான் தெரியும். மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3பி (வரிச் சுருக்கம்) இரண்டும் புதியதிலிருந்து சிக்கலில்லாமல் போன பிறகு பழைய சந்தாவை நிறுத்தலாம். காலாண்டுத் தாக்கல் என்றால் ஒரு காலாண்டு பொறுங்கள்.