மூளைக் கட்டி அறிக்கையில் ‘ஐ.டி.எச்.-1 விகாரம்’

கேள்வி: என் தம்பியின் மூளையிலிருந்து அகற்றிய கட்டி கிளையோமா (நரம்புக் கலங்களைத் தாங்கும் கலங்களில் தோன்றும் கட்டி) என்றும், அதில் ஐ.டி.எச்.-1 நொதியத்தின் விகாரம் உள்ளதென்றும் அறிக்கை கூறுகிறது. கட்டிக்குக் காரணமே அந்த விகாரம்தான் என்ற வைத்தியர், அது இருப்பது ஒரு வகையில் நல்லது என்றும் சொன்னார். இரண்டும் எப்படிப் பொருந்தும்? தம்பியின் பிள்ளைகளுக்கும் வருமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பிள்ளைகளைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். மரபணுவில் ஏற்படும் மாற்றமான இவ்விகாரம் பெரும்பாலும் கட்டியின் கலங்களில் மட்டுமே தோன்றுவது, பரம்பரையாக வருவதன்று.

வைத்தியர் சொன்ன இரண்டும் உண்மையே. ஐசோசித்திரேற்று டிஹைட்ரஜனேஸ் எனும் இந்த அனுசேப நொதியம் நம் எல்லோருடைய கலங்களிலும் உண்டு. ஐசோசித்திரேற்றை அல்பா-கீற்றோகுளுட்டரேற்றாக மாற்றுவதும், அப்போது கலத்தை ஒட்சியேற்றச் சேதத்திலிருந்து காக்க உதவும் என்.ஏ.டி.பி.எச். மூலக்கூற்றை உண்டாக்குவதும் அதன் வேலை. அதன் 132ஆவது அமினோ அமிலமான ஆர்ஜினினின் இடத்தில் வேறொன்று, பெரும்பாலும் ஹிஸ்டிடின், வந்துவிட்டால், நொதியம் பழைய வேலையை இழப்பதோடு நில்லாது, அல்பா-கீற்றோகுளுட்டரேற்றை 2-ஹைட்ரொக்சிகுளுட்டரேற்றாக மாற்றும் புதிய வேலையைத் தொடங்குகிறது. இது 2009இல் தெரியவந்தது. அப்பொருள் கலத்தில் தேங்கி, மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும், டி.என்.ஏ.யிலுள்ள மெதைல் குறிகளை நீக்கும் நொதியங்களைத் தடுப்பதால், கலம் முதிர்ச்சியடையாமல் பெருகும் நிலைக்குத் தள்ளப்படுகிறது.

ஆனால் அந்தப் புதிய வேலைக்கு என்.ஏ.டி.பி.எச். செலவாகிறது. காப்பு குறைந்த இக்கலங்கள் கதிர்ச் சிகிச்சைக்கு எளிதில் பாதிப்படைவதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. 2008இல் இவ்விகாரம் மூளைக் கட்டிகளில் கண்டறியப்பட்டபோதே, அது உள்ள நோயாளர்கள் கூடுதல் காலம் வாழ்வது கவனிக்கப்பட்டது. இருப்பினும், விகாரமற்ற கிளையோமாவோடு ஒப்பிடும்போது மட்டுமே இது ‘நல்லது’. நோய் தானாக அடங்கிவிடும் என்று எண்ணித் தொடர் பரிசோதனைகளைத் தம்பி ஒருபோதும் தவறவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

விகாரமுற்ற நொதியத்தையே தடுக்கும் வொரசிடெனிப் என்ற மாத்திரை, மெதுவாக வளரும் இரண்டாம் தரக் கட்டிகளுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் பயன்படுத்த 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆகவே அடுத்த முறை மகரகமவிலோ வேறிடத்திலோ புற்றுநோய் வைத்தியரைச் சந்திக்கையில், கட்டியின் தரம் என்ன, 1ஆம், 19ஆம் நிறமூர்த்தங்களின் பகுதிகள் இழக்கப்பட்டுள்ளனவா என்ற இரண்டையும் கேளுங்கள். தம்பியின் சிகிச்சைத் தெரிவு பெரிதும் அவற்றைப் பொறுத்தது.