மக்கும் வரை பொறுங்கள்: வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

கோபியிலிருந்து: மக்கு உரத் தொட்டி நாறுகிறது, பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள்.

அழுகிய முட்டை வாடை என்றால் ஈரம் மிகுந்து உள்ளே காற்றோட்டம் நின்றுவிட்டது. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் காய்கறிக் கழிவு கூடி, சருகு குறைந்துவிட்டது. எதுவானாலும், ஒரு கூடை கழிவுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த சருகு கலந்து கிளறுங்கள். ஒரு பிடியை அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டுக் கசியலாம், ஒழுகக் கூடாது. மாசியில் வேம்பு உதிர்க்கும் சருகைச் சாக்கில் கட்டி வைத்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கவலை வருவதில்லை.

பல்லடத்திலிருந்து: இருபது நாள் மக்கிய உரத்தைக் கத்தரிக்கு இட்டேன், இலை மஞ்சளித்துவிட்டது.

அது உரமன்று, பாதி மக்கிய குப்பை. அதை மேற்கொண்டு சிதைக்கும் நுண்ணுயிர்கள், செடிக்குரிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. வாரியெடுத்துத் தொட்டியிலேயே திரும்பப் போட்டுவிட்டு, செடிக்கு நன்கு மக்கிய தொழுவுரம் இரண்டு பிடி இடுங்கள். நம் வெயிலுக்கும் 60 முதல் 90 நாள் வேண்டும். ஈரமான ஒரு பிடியைப் பையில் கட்டி மூன்று நாள் கழித்துத் திறந்தால், புதுமழை பெய்த மண் வாசனை வரவேண்டும். புளித்த வாடை வந்தால் பொறுங்கள். அவசரப்படுபவர்கள் இதன் இன்பத்தையும் இழக்கிறார்கள்: மார்கழி விடியலில் பெரிய குவியலைக் கிளறும்போது, உள்ளே 55 பாகைக்கு மேல் கனன்றிருக்கும் சூடு ஆவியாக எழுந்து முகத்தில் படுவதை நான் எந்தப் பூவுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து: செடித்தொட்டி முழுவதும் தென்னை நார்க்கழிவையே நிரப்பலாமா?

கூடாது. ஈரம் பிடிக்கும், வேருக்கு இடம் தரும். ஆனால் சத்து மிகக் குறைவு. மக்காத பச்சை நார்க்கழிவில் உப்பும் உண்டு.

முன்பு இதையே நான் சொன்னபோது ஆனைமலை நண்பர் ஒருவர், எங்கள் பிழைப்பையே பழிக்கிறீர்கள், மக்கிய நார்க்கழிவு உரமில்லையா என்று கடிந்துகொண்டார். மக்கினால் உரந்தான், மறுக்கவில்லை. ஆனால் பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 100 பங்குக்கும் மேல் கரிமம் இருக்கிறது. எளிதில் சிதையாத மரப்பொருளான லிக்னின் மிகுந்திருப்பதால் தானாக மக்க நெடுநாளாகும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு மக்கச் செய்யும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்தது இதனால்தான். அப்படி மக்கியதா என்று கேட்டு வாங்குகிறோமா என்பதே என் கேள்வி. கடையில் விற்கும் நார்க்கழிவுக் கட்டிகள் பெரும்பாலும் மக்காதவையே. ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி, மண்ணோடும் மக்கு உரத்தோடும் மூன்றில் ஒரு பங்காகக் கலந்தால் எனக்கும் வழக்கில்லை. நண்பர் மறுபடியும் எழுதியிருக்கிறார். அலசாத கட்டியில் ஒரு தக்காளி நாற்றை நட்டுப் பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும்.

நாமக்கல்லிலிருந்து: செம்பருத்தியில் மாவுப்பூச்சி.

என் துறையன்று, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

தாராபுரம், அவிநாசி, பவானி ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும்: தொட்டியில் புழு நெளிகிறது.

நெளியட்டும். பருத்த சாம்பல் புழுக்கள் கழிவைத் தின்று உரமாக்குபவை, செடியைத் தொடாதவை. பார்க்கப் பிடிக்காவிட்டால் மேலே நான்கு விரல் கனம் சருகு மூடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: நாற்றம் அடிக்கிறதே?

முதல் பதிலைப் படியுங்கள்.

காங்கயத்திலிருந்து: ஆடிப்பட்டத்துக்கு மூன்று வாரமே உள்ளது; இன்று தொட்டி வைத்தால் உரம் கிடைக்குமா?

கிடைக்காது, பாதி மக்கியதுதான் கிடைக்கும்; பல்லடத்துக் கத்தரியை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் கட்டுத்தரைக்கா பஞ்சம்? ஓராண்டு பழைய தொழுவுரமாகக் கேட்டு வாங்கி ஆடி விதைப்பை முடியுங்கள். இன்று வைக்கும் தொட்டி புரட்டாசிக்கு ஆகும்.