கோடைக்கால ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சிகளை எப்படித் தேடுவது, எப்படி விண்ணப்பிப்பது? பணம் கட்டச் சொன்னால் கட்டலாமா?

ஓவியக் கல்லூரி முடித்துவிட்டேன், வெளிநாட்டில் ஜூன், ஜூலையில் நடக்கும் ரெசிடென்சிகளுக்கு (கலைஞர்கள் சில காலம் தங்கி வேலை செய்ய இடம் கொடுக்கும் ஏற்பாடு) போக ஆசை, எங்கே தேடுவது, எப்படி எழுதுவது, பணம் கட்டச் சொல்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள்.

உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மெயில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் வந்தது. விண்ணப்பம் அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை, "வாழ்த்துகள், தேர்வுக்குழு உங்கள் படைப்புகளால் ஈர்க்கப்பட்டது" என்று பதில். கீழே மாதத்துக்கு 1,800 யூரோ, சாப்பாடு தனி, விமானச் செலவு நம்முடையது, பத்து நாளில் முன்பணம். திருபுவனத்தில் பட்டு நெய்கிற என் அப்பா மாதம் முழுக்கத் தறியில் உட்கார்ந்தாலும் அதில் ஒரு சின்னப் பங்கைத்தான் பார்ப்பார். வீட்டில் அம்மா, "இவ்வளவு தூரம் கூப்பிட்டிருக்கிறார்களே, வளையலை வைத்துப் பார்க்கலாமா" என்றுகூடக் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். காசு கொடுத்தால் யாரும் போகலாம் என்கிற இடத்தில் தேர்வானது ஒரு தகுதியே இல்லை. அப்புறம் அதை சி.வி.யில் எழுதினாலும், படிக்கிறவர்களுக்கு எந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

உடனே யாராவது வந்து, கட்டணம் வாங்கும் இடமெல்லாம் மோசமா, நான் போய் நல்ல வேலை செய்துவிட்டு வந்தேனே என்பார்கள். செய்திருப்பீர்கள், மறுக்கவில்லை. அமெரிக்காவில் வெர்மான்ட் ஸ்டுடியோ சென்டர் 1984லிருந்து நடக்கிறது. அங்கே கட்டணம் உண்டு, கூடவே அதைக் குறைக்கவோ நீக்கவோ ஃபெலோஷிப் என்ற உதவித்தொகையும் உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்கு ஃபெலோஷிப் கிடைத்தால் போங்கள். விண்ணப்பக் கட்டணமும் வேறு விஷயம். முப்பது டாலர் போலக் கேட்பார்கள், கட்ட முடியாது என்று எழுதிக் கேட்டால் பல இடங்களில் தள்ளுபடி செய்கிறார்கள். நான் சொல்வது, கூட்டுக் குடும்பத்தில் சொந்த அறைகூட இல்லாமல், மொட்டை மாடியில் அச்செடுக்க மை உருட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்கு.

ரெசிடென்சி என்ற ஏற்பாடே கலைஞருக்கு இடமும் நேரமும் கொடுப்பதற்காக வந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் பீட்டர்பரோ என்ற ஊரில் மெக்டவல் 1907ல் தொடங்கியது. இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் அவர் மனைவி மரியனும் தங்கள் பண்ணையிலேயே ஆரம்பித்தது. இன்றைக்கும் தங்க, சாப்பிடக் காசு கிடையாது. மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து ஸ்டுடியோ வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், வேலை செய்கிறவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் சரடோகா ஸ்பிரிங்ஸில் உள்ள யாடோவும் 1926லிருந்து கட்டணம் வாங்காமல் கலைஞர்களைத் தங்கவைக்கிறது. மெய்ன் மாநிலத்தின் ஸ்கோஹீகன் வேறு மாதிரி. 1946ல் கலைஞர்கள் தொடங்கிய கோடைக்காலப் பள்ளி அது, ஒன்பது வாரம். இந்த இடங்களுக்கு உலகம் முழுக்க இருந்து போட்டி. அதனால் இவற்றோடு சேர்த்துச் சின்ன இடங்களுக்கும் எழுதுங்கள்.

தேட மூன்று இணையதளங்கள் போதும். ரெஸ் ஆர்ட்டிஸ் (Res Artis), ட்ரான்ஸ்ஆர்ட்டிஸ்ட்ஸ் (TransArtists) இரண்டிலும் நாடு, ஊடகம் வாரியாக ரெசிடென்சிகளைப் பார்க்கலாம். பயணச் செலவுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று பார்க்க ஆன் த மூவ் (On the Move). முகநூலில் யாரோ பகிர்ந்த போஸ்டரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள், அந்த இடத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய்ப் படியுங்கள். முன்பு அங்கே தங்கிய கலைஞர்களின் பெயர்கள் இருக்கும். இரண்டு பேரின் வேலையைத் தேடிப் பாருங்கள். முடிந்தால் அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் போடுவார்கள்.

நம் நாட்டை விட்டுவிடாதீர்கள். டெல்லி கிர்க்கி பகுதியில் கோஜ் இருக்கிறது, 1997ல் கலைஞர்கள் சேர்ந்து தொடங்கியது. அவர்களுடைய பியர்ஸ் ரெசிடென்சி கல்லூரி முடித்த இளையவர்களுக்கானது, நம் கோடையை ஒட்டி நடக்கும். முதல் விண்ணப்பத்தை அங்கே போடுவது நல்லது, விசாவும் வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது மாதக் கணக்கில்தான். ஜூன் மாத ரெசிடென்சிக்கு ஏப்ரலில் தேடினால் மிச்சமிருப்பது காசு கேட்கும் இடங்கள்தான். கோடைக்கான அழைப்பு முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கில் தொடங்கி ஜனவரிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். மெக்டவல் வசந்த, கோடை காலத்துக்கு முந்தைய செப்டம்பரிலேயே மூடிவிடுகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் பிரிண்ட்மேக்கிங், அதாவது கையால் அச்செடுக்கும் கலை செய்கிறவள், கும்பகோணத்தில் படித்தவள். அப்பாவின் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் ஓட்டை குத்திய அட்டைகளை நூலால் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு ஊடை (குறுக்கு) இழைக்கு ஒரு அட்டை. எந்தப் பாவு (நெடுக்கு) இழையைத் தூக்க வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள்தான் தீர்மானிக்கின்றன. டிசைன் பழசாகிவிட்டால் அட்டைக் கட்டு பரணுக்குப் போய்விடும். நான் அந்த அட்டைகளை எடுத்து, மை உறிஞ்சாமல் இருக்க அரக்கு வார்னிஷ் பூசிக் காயவைத்து, ரோலரில் மை ஏற்றி, ஈரத் தாளை வைத்து பிரஸ்ஸில் ஓட்டினேன். அட்டையின் பரப்பு கறுப்பாக விழுந்தது. ஓட்டை இருந்த இடத்திலெல்லாம் தாள் உள்ளே அமுங்கி, மை படாத வெள்ளைப் பொட்டுகளாகப் புடைத்து நின்றது. விரலால் தடவினால் ஒவ்வொன்றும் தட்டுப்படும். அப்பா அந்தத் தாளைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது மாங்காய் பார்டர் அட்டை" என்றார். அச்சைப் பார்த்தே சேலையைச் சொன்னார்.

ஃபின்லாந்தில் ஒரு சின்ன ஊர் ரெசிடென்சிக்கு நான் எழுதிய ஸ்டேட்மென்ட், அதாவது என் வேலையைப் பற்றிய குறிப்பு, இதுதான். அட்டை என்ன செய்கிறது, ஏன் தூக்கிப்போடுகிறார்கள், அதை நான் எப்படி அச்செடுக்கிறேன், அங்கே வந்தால் எவ்வளவு பெரிய அச்சு செய்வேன். ஒரு பக்கத்துக்கும் குறைவு. என்னோடு படித்தவர்கள் பார்த்துவிட்டு, இதில் தத்துவமே இல்லையே, "அடையாளம்", "நினைவு", "உடல்" என்றெல்லாம் வர வேண்டாமா என்றார்கள். வேண்டாம். தேர்வுக்குழுவில் இருப்பவர்களும் கலைஞர்கள்தான், ஒரே நாளில் எத்தனையோ விண்ணப்பம் படிக்கிறார்கள். கையில் என்ன பொருள் வைத்திருக்கிறீர்கள், அதை என்ன செய்கிறீர்கள் என்று சொன்னால் நினைவில் நிற்கும். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. தமிழில் எழுதிவிட்டு, மாற்றித் தரத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள்.

ஸ்டேட்மென்டைவிடப் படங்கள் முக்கியம், சொல்லப்போனால் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஸ்டுடியோ வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. காலையில் வெயில் மொட்டை மாடியில் இறங்குவதற்கு முன், வெளிச்சம் மென்மையாக விழ துணிக்கொடியில் அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, அதன் பின்னால் சுவரில் தாளை கிளிப் போட்டு நிறுத்தி, போனிலேயே எடுத்தேன். போன் தாளுக்கு நேராக இருக்க வேண்டும், சாய்ந்தால் செவ்வகம் கோணிவிடும். ஃபில்டர் போடவே கூடாது. அச்சு என்றால் தாளின் நான்கு ஓரமும் தெரியட்டும். புடைப்பு தெரிய ஒரு படம் மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் நெருக்கமாக எடுத்தேன். பத்துப் படம் கேட்டால், எல்லாம் ஒரே ஆளின் வேலை என்று தெரிகிற மாதிரி பத்து கொடுங்கள். கல்லூரியில் வரைந்த நிலக்காட்சி, போர்ட்ரெய்ட், ஒரு சிற்பம் என்று கலந்து கொடுத்தால் நீங்கள் யார் என்றே தெரியாது. தலைப்பு, ஆண்டு, ஊடகம், சென்டிமீட்டரில் அளவு, இவை ஒவ்வொன்றுக்கும் வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் இன்னொரு தலைவலி. ஆசிரியரின் முகவரிக்கு ஒரு லிங்க் தானாகப் போகும், அவரேதான் ஏற்ற வேண்டும். என் ஆசிரியர் ஓய்வுபெற்றவர், மெயில் பார்க்கும் பழக்கமே இல்லை. சுவாமிமலையில் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் பேனாவால் எழுதினார், அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன், லிங்க் குப்பை மெயிலுக்குள் கிடந்ததைத் தேடியெடுத்து அவர் கையாலேயே அனுப்பினார். கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

ஃபின்லாந்திலிருந்து தேர்வானதாகக் கடிதம் வந்தது. தங்க இடம், மாத உதவித்தொகை எல்லாம் உண்டு, பயணச் செலவும் தருவோம், ஆனால் டிக்கெட்டை நீங்கள் வாங்கிவிட்டு வந்து ரசீது கொடுங்கள் என்றார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் முன்கூட்டிப் போட நம்மிடம் பணம் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது? நான் நேராக எழுதினேன். என் குடும்ப வருமானம் இவ்வளவு, முன்பணம் போட வழியில்லை, நீங்களே என் பெயரில் டிக்கெட் எடுத்துத் தர முடியுமா என்று. மறுநாளே சரி என்று பதில். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று எத்தனையோ பேர் இந்த இடத்தில் விலகிவிடுகிறார்கள், எனக்குத் தெரிந்தே ஒரு பெண் விட்டுவிட்டாள். தயவுசெய்து கேளுங்கள்.

விசாவைப் பற்றிச் சுருக்கமாக. ஷெங்கன் (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா) என்றால் ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு வேண்டும். சம்பளச் சீட்டு, வருமான வரி ரிட்டர்ன் எதுவும் என்னிடம் இல்லை. அழைப்புக் கடிதத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எங்கே தங்குகிறேன், உதவித்தொகை எவ்வளவு, டிக்கெட் யார் செலவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொன்னேன். அதுதான் காப்பாற்றியது. அமெரிக்கா என்றால் எந்த வகை விசா என்பதை அந்த ரெசிடென்சியிடமே எழுத்தில் கேளுங்கள், ஏஜென்ட் பேச்சை நம்பாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனசு ஆறவில்லை. திரும்பி வந்ததும் இங்கே ஒரு குழுக் கண்காட்சிக்கு அதே அச்சுகளை அனுப்பினேன். "ஒரிஜினல் மட்டும்தான் எடுப்போம், காப்பி வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். பென்சிலில் 1/8, 2/8 என்று (எட்டு அச்சில் முதலாவது, இரண்டாவது) எழுதியிருப்பதைப் பார்த்து ஜெராக்ஸ் என்று நினைத்துவிட்டார்கள் போல. எட்டும் ஒவ்வொன்றாகக் கையால் மை ஏற்றி எடுத்தவை, எட்டும் ஒரிஜினல்தான். ஆர்.எம். பழனியப்பன் மாதிரி அச்சுக் கலையில் உலகம் அறிந்த ஒருவர் வேலை செய்யும் சென்னையில், கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில் அச்சுப் பட்டறையே இருக்கும்போது, கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு இது தெரியாதா? வாங்குகிறவர் கேட்டால் பொறுமையாக விளக்குவேன். நடத்துகிறவர் கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை. பிரிண்ட்மேக்கிங் படித்த பாதிப் பேர் கான்வாஸுக்கு மாறிவிடுவது இதனால்தான்.

சரி, விண்ணப்பத்துக்கே வருகிறேன். ஓர் இடம் பிடித்திருந்தால் ஃபாரத்தை நிரப்புவதற்கு முன் ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள். "உங்கள் எட்சிங் பிரஸ்ஸில் தாள் வைக்கும் படுக்கை எவ்வளவு அகலம், என் அட்டைகளை வரிசையாகக் கோத்தால் உள்ளே போகுமா" என்று நான் கேட்டேன். பட்டறையைப் பார்த்துக்கொள்பவர் பிரஸ்மேல் டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்து அனுப்பினார். அந்த அளவை வைத்துத்தான் என்ன செய்வேன் என்று விண்ணப்பத்தில் எழுதினேன். பதிலே போடாத இடமாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். நீங்கள் செய்வது எண்ணெய் வண்ணமா, களிமண்ணா, வேறு எதுவுமா என்று கேள்வியில் சொல்லவில்லை. அதைச் சொல்லுங்கள், செப்டம்பருக்குள் எந்தெந்த இடத்துக்கு எழுதலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.