பனியனில் நெய்த மின்முனை, ஒட்டும் ஜெல் பட்டைக்கு ஈடாகுமா?

ஹோல்டர் (நாள் முழுக்க ஈசிஜி பதிவு செய்யும் சிறு கருவி) மாட்டினால் அதன் ஒட்டும் பட்டையால் இரண்டாம் நாளே தோல் அரிக்கிறது, பனியனிலேயே மின்முனை (தோலிலிருந்து மின்துடிப்பை வாங்கும் பகுதி) இருந்தால் ஈசிஜி சரியாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும், ஆனால் எல்லா நேரமும் அல்ல.

இதயத்தின் மின்துடிப்பு தோலுக்கு வந்து சேரும்போது சுமார் 1 மில்லிவோல்ட்தான். வழக்கமான பட்டையில் உள்ள ஈர ஜெல், உலர்ந்த மேல்தோலைத் தாண்டி அதை வாங்கித் தருகிறது. துணி மின்முனையில் ஜெல் கிடையாது. பெரும்பாலும் வெள்ளி பூசிய நைலான் நூலில் நெய்த சிறு பட்டை, அவ்வளவுதான். அதனால் போட்டவுடன் ஈசிஜி கோடு நடுங்கும். கொஞ்சம் வியர்த்த பிறகு பாருங்கள்: வியர்வையின் உப்பே ஜெல்லின் வேலையைச் செய்யும், கோடு தெளியும். அவசரமென்றால் பட்டையைத் தண்ணீர் தொட்டு நனைத்துக்கொள்ளலாம்.

பெரிய தொல்லை அசைவுதான். கையைத் தூக்கினால் துணி தோல்மேல் வழுக்கும். அந்த இரைச்சலில் துடிப்பே மறைந்துபோகும். பனியன் மார்பை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அப்புறம் சலவை. துவைக்கத் துவைக்க வெள்ளி தேயும், மின்தடை கூடும்.

இருந்தாலும், வந்து வந்து போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) 24 மணி நேர ஹோல்டர் பதிவு தவறவிடலாம். வாரக்கணக்கில் அணிய முடிவதால் இந்தப் பனியனை நான் மதிக்கிறேன். மாரடைப்புக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். நெஞ்சு வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போய் 12 லீட் ஈசிஜி (இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கும் முழு ஈசிஜி) எடுங்கள்.