அம்மிக்காரி – கடிதம்

அன்புள்ள அக்கா,

டர்பனில் தனியாளாகப் புகைப்படமும் டிசைனும் செய்கிறேன். ஒப்பந்தங்கள் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு வருகின்றன. நாளைக் காலைக்குள் கையெழுத்து வேண்டும் என்பார்கள். எல்லாம் ஒரே மாதிரிதானே என்று நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறேன். 1860-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசு, படிக்காமல் கையெழுத்துப் போடும் அந்தப் புத்தி விடவில்லை போல. வேகமாகப் படிக்க வழி உண்டா? ஏஐயிடம் கொடுத்துச் சுருக்கலாமா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில், அவர்களைக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பலை விடு. அதில் ஏறியவர்களில் பலருக்கு அந்த ஒப்பந்தக் காகிதத்தைப் படிக்கவே தெரியாது. நீ ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்தவன். சோம்பலுக்குப் பாட்டனைச் சாட்சிக்குக் கூப்பிடாதே.

ஏஐயிடம் கொடு, தப்பில்லை. எந்த வரியை அது விட்டது என்று பார்க்க நீ முழுசாகப் படிக்கத்தான் வேண்டும். பணம் எப்போது வரும், வேலை பாதியில் நின்றால் எவ்வளவு, திருத்தம் எத்தனை தடவை: இவற்றைத் தேடிப் பிடிக்கப் பத்து நிமிஷம் போதும். சரி, அது கிடக்கட்டும்.

என் அப்பா கடைப் பலகை எழுதியவர். எண்பதுகளில் ஒரு மசாலாக் கடைப் பலகைக்கு, அம்மியில் அரைக்கும் ஒரு பெண்ணைக் கற்பனையாக வரைந்தார். மூக்குத்திக்கு ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. சில வருஷம் கழித்து அதே பெண், அதே புள்ளியோடு, மசாலாப் பொட்டலங்களில் இருந்தாள். அப்பா போய்க் கேட்டார். கடைக்காரர் உட்கார வைத்து டீ கொடுத்து, இரண்டு பொட்டலம் கறித்தூளும் கொடுத்து அனுப்பினார். அம்மா அதில் நண்டுக் கறி வைத்தாள். நல்ல தூள்தான், அதையும் சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் 1978 பதிப்புரிமைச் சட்டப்படி அந்தப் படம் அப்பாவுடையது. கூலி வாங்கியிருந்தாலும், எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்காதவரை உரிமை கைமாறாது. அப்பா எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அது தனக்குச் சாதகம் என்று சொல்லவும் அவருக்கு ஆளில்லை. ஆனால் அம்மிக்காரி கடைக்காரருடைய தாயாரின் உருவப்படமாக இருந்திருந்தால் கணக்கே தலைகீழ். காசு கொடுத்துச் செய்யச் சொன்ன உருவப்படம், புகைப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு எல்லாம், வேறு ஏற்பாடு இல்லையென்றால், செய்யச் சொன்னவருக்கே சொந்தம். 21-ஆம் பிரிவு.

இப்போது உன் கதைக்கு வா. ஒரே கல்யாணத்துக்கு நீ அழைப்பிதழும் வரைவாய், படமும் எடுப்பாய். ஒப்பந்தத்தில் உரிமை பற்றி ஒரு பேச்சும் இல்லையென்றால் அழைப்பிதழ் ஓவியம் உன்னுடையது, புகைப்படம் அவர்களுடையது. ஆக, ஓவியத்துக்கு ஒப்பந்தம் உன்னிடமிருந்து எதைப் பிடுங்குகிறது என்று பார்க்க வேண்டும். புகைப்படத்துக்கு உனக்கு எதையாவது தருகிறதா என்று பார்க்க வேண்டும். இதைத்தான் நீ ‘ஒரே மாதிரி’ என்கிறாய்! படித்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது.

'அசைன்' என்று கண்ணில் பட்டால் அங்கேயே நில், உரிமையையே எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். 'லைசென்ஸ்' என்றிருந்தால், அது பயன்படுத்த அனுமதி மட்டும்தான், எதற்கு, எத்தனை காலத்துக்கு என்று கேள். புகைப்பட வேலைக்கு, பதிப்புரிமை படம் எடுத்தவருக்கே, வீட்டார் தங்கள் சொந்தத் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி நீயே சேர்த்து அனுப்பு. மாட்டோம் என்றால் கூலியைக் கூட்டிக் கேள். அதற்கும் முறைத்தால் எனக்கு எழுது, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.

அன்புடன்,
அக்கா