சிறுநீரில் எதுவும் சிக்காமலே மாரத்தான் வீராங்கனைக்குத் தடை விதிக்கிறார்களே, எப்படி?

கோலாலம்பூரில் தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடும் நம் ஆட்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. பதில், 'பயோலாஜிக்கல் பாஸ்போர்ட்'. ஒரு வீராங்கனையின் ரத்த அளவுகளை வருடக்கணக்கில் வரிசையாகக் குறித்து வைக்கும் பதிவு அது. 2009 முதல் நடைமுறையில் உள்ளது.

ஏன் தேவைப்பட்டது? சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈபிஓ ஊசியின் தடயம் சில நாளில் சிறுநீரிலிருந்து போய்விடும். ஆனால் பெருகிய சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழும். ஊசியை நிறுத்தியதும், 'அதுதான் நிறைய இருக்கிறதே' என்று உடம்பு புதிய அணுக்களைச் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் உச்சத்தில், இளம் அணுக்கள் அடிமட்டத்தில்: இந்தச் சேர்க்கைதான் காட்டிக்கொடுக்கும்.

டிஎன்பி மின்கட்டணம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் இரவெல்லாம் ஓடும் வீட்டில் பில் திடீரென்று பாதியானால் மீட்டரைத்தான் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு பில் எவ்வளவு என்பது அங்கே பேச்சே இல்லை.

சிகாகோ மாரத்தானில் மூன்று முறை தொடர்ந்து முதலாவதாக வந்த ரஷ்யாவின் லிலியா ஷோபுகோவா 2014இல் தடைபட்டது இப்படித்தான். ரத்த அளவை மாற்றக்கூடிய மலைப்பகுதிப் பயிற்சி, ரத்த இழப்பு எல்லாம் கேட்டுப் பதிவாகும். பெயர் தெரியாமலே நிபுணர்கள் பார்ப்பார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

2024இல் சிகாகோவில் 2:09:56 ஓடிய கென்யாவின் ரூத் செப்ங்கெட்டிச்சும் இப்படி மாட்டியவர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 2025 மார்ச்சில் அவர் கொடுத்த சிறுநீரிலேயே தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது, அந்தத் தடை முந்தைய ஆண்டின் சாதனையைத் தொடவில்லை.